செயற்கைக்கோள் தலைக்கு மேல் இல்லாதபோதே ரிசீவரைச் சோதிப்பது எப்படி

"அண்ணே, எல்லாம் மாட்டிட்டேன், சிக்னல் மாதிரி ஒண்ணு தெரியுது, படம் மட்டும் வரல." மலேசியாவில் பந்திங் பக்கம், மீட்டியோர் என்கிற ரஷ்ய வானிலைச் செயற்கைக்கோள்களின் படத்தை ரேடியோவில் பிடிக்க ஆரம்பிக்கும் தம்பிகளிடமிருந்து எனக்கு வருகிற செய்தி பெரும்பாலும் இதுதான். என்ன பதில் சொல்வது? ஆண்டெனாவாக இருக்கலாம், கேபிள், எல்என்ஏ (இரைச்சல் குறைந்த பெருக்கி), டோங்கிள் (கணினியில் செருகும் யூஎஸ்பி ரிசீவர்), மென்பொருள், பக்கத்து வீட்டு எல்இடி விளக்கின் அடாப்டர், எதுவாகவும் இருக்கலாம். அடுத்த முறை செயற்கைக்கோள் வரும்வரை காத்திருந்து ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால் மாதக்கணக்கில் இழுக்கும்.

நம் ஊரில் காத்திருப்பது கொஞ்சம் அதிகம்தான். நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்குச் சுமார் 3 பாகை வடக்கே. துருவம் வழியாகச் சுற்றும் மீட்டியோர் ஒரு சுற்றுக்கு 101 நிமிடம் எடுக்கிறது, அதற்குள் பூமி 25 பாகை திரும்பிவிடும், நிலநடுக்கோட்டில் அது ஏறக்குறைய 2800 கிலோமீட்டர். அதனால் உருப்படியாக ஒன்றிரண்டு தடவை வரும், பிறகு பன்னிரண்டு மணி நேரம் கழித்து இன்னும் ஒன்றிரண்டு, ஒவ்வொன்றும் கூடிப்போனால் 15 நிமிடம். வட ஐரோப்பாவில் இருப்பவர் இணையத்தில் "இன்னொரு பாஸ் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று எழுதுவார், அவருக்கு அது சுலபம், துருவத்துக்கு அருகே பாஸ் (செயற்கைக்கோள் ஒருமுறை வானைக் கடப்பது) அதிகம். முன்பு அமெரிக்காவின் நோவா 15, 18, 19 என்று மூன்றும் கைவசம் இருந்தன, 2025இல் அவற்றையும் நிறுத்திவிட்டார்கள். 137 மெகாஹெர்ட்ஸில் இப்போது நமக்கு மீட்டியோர்-எம் என்2-3, என்2-4 இரண்டும்தான் மிச்சம்.

ஆகவே சிக்னலை நாமே செய்துகொள்வோம். என்ன அனுப்புகிறோம், எந்த அளவில் அனுப்புகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்த ஒரு சிக்னலை ரிசீவருக்குள் விட்டுப் பார்த்தால், வெளியே வருவது சரியா தவறா என்பதில் வாக்குவாதமே இல்லை. பெரிய தரை நிலையங்களிலும் இதே வேலை நடக்கிறது, எல்என்ஏவுக்கு முன்னால் ஒரு கப்ளர் (இன்னொரு சிக்னலைக் கொஞ்சமாகக் கலந்துவிடும் இணைப்பு) வைத்து அதன் வழியாகச் சோதனைச் சிக்னலை உள்ளே விடுவார்கள். நம் பந்திங்கிலேயே சுங்கை லாங்கில் தேசிய விண்வெளி மையம் இருக்கிறது என்பது பந்திங்காரர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது, அது வேறு கதை.

முதலில் ஒரு எச்சரிக்கை, இதைப் படிக்காமல் தாண்டாதீர்கள்

சோதனை முழுக்கக் கேபிள் வழியாகத்தான். அனுப்பும் கருவியில் ஆண்டெனா மாட்டவே கூடாது, "சின்னதா ஒரு கம்பி, அறைக்குள்ளே மட்டும்" என்பதும் கிடையாது. அமெச்சூர் உரிமம் வைத்திருந்தாலும் 137 மெகாஹெர்ட்ஸ் நம் அலைவரிசை இல்லை, 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டப்படி அனுமதியில்லாமல் அலைவரிசையைப் பயன்படுத்துவது குற்றம். சட்டத்தை விடுங்கள், 118 முதல் 137 வரை விமானிகளும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் பேசுகிற இடம், கேஎல்ஐஏ, கோலாலம்பூர் விமான நிலையம், நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஜிபிஎஸ் அலைவரிசையில் விளையாடிப் பார்க்கலாம் என்று யாராவது வீடியோ காட்டினால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

காசு செலவில்லாத பாதி வேலை

கருவி வாங்குவதற்கு முன் மென்பொருளை மட்டும் தனியாகச் சோதித்துவிடலாம், அனுப்பும் கருவியே வேண்டாம். யாராவது நன்றாகப் பிடித்த மீட்டியோர் ஐக்யூ பதிவு (ரேடியோ சிக்னலின் பச்சைப் பதிவு) ஒன்றை வாங்கி, சிக்னலைப் படமாக்கும் மென்பொருளான சாட்டம்ப்பில் (SatDump) கோப்பாகவே போட்டு ஓட்டுங்கள். படம் வந்தால் அமைப்பு சரி. வரவில்லை என்றால் சாம்பிள் வேகமோ, கோப்பு வடிவமோ, தேர்ந்தெடுத்த பைப்லைனோ (அந்தச் செயற்கைக்கோளுக்கான பிரித்தெடுக்கும் வரிசை) தப்பு, கூரைமேல் ஏறுவதில் பலன் இல்லை. வருகிற கேள்விகளில் கணிசமானவை இந்த இடத்திலேயே முடிந்துவிடுகின்றன.

அப்புறம் ஒரு படி மேலே போகலாம், எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. செயற்கைக்கோள் எதுவும் வானத்தில் இல்லாத நேரம் பார்த்து, உங்கள் ஆண்டெனாவிலிருந்து 137.9 மெகாஹெர்ட்ஸை அப்படியே பத்து நிமிடம் பதிவு செய்யுங்கள். அதில் இருப்பது உங்கள் வீட்டின் இரைச்சல், வேறு யாருடையதும் இல்லை. மதியம் ஒன்று, இரவு எட்டு மணிக்கு ஒன்று, மாலை இடி இடிக்கும்போது இன்னொன்று (ஆண்டெனாவில் கைவைக்காமல், மின்னல் தூரத்தில் இருக்கும்போது மட்டும்). தீபாவளி சமயத்தில் தாமான் (குடியிருப்பு) முழுக்க விளக்குச் சரம் தொங்கும்போது ஒரு பதிவு எடுத்துப் பாருங்கள், இரைச்சல் தரை எங்கே போய் நிற்கிறது என்று தெரியும். இந்தப் பதிவுகளைச் சுத்தமான மீட்டியோர் சிக்னலோடு க்னூ ரேடியோ என்கிற சிக்னல் மென்பொருளில் கூட்டி, சிக்னலின் பங்கை இரண்டிரண்டு டெசிபெல்லாகக் குறைத்துக்கொண்டே போனால், எந்த இடத்தில் படம் கிழிய ஆரம்பிக்கிறது என்பது உங்கள் வீட்டுக்கே உரிய கணக்காகக் கிடைக்கும். பாடப்புத்தக வெள்ளை இரைச்சலில் வருகிற விடை வேறு, ஸ்விட்சிங் அடாப்டர் கொட்டுகிற இரைச்சலில் வருகிற விடை வேறு.

கேபிள் சோதனைக்கு என்ன வேண்டும்

அனுப்ப ஒரு ஹேக்ஆர்எஃப், கணினி சொல்கிற சிக்னலை உண்டாக்கும் கருவி. அதே வகைக் கருவியான புளூட்டோ வைத்திருப்பவர்கள் கவனியுங்கள், அதன் அதிகாரபூர்வக் கீழ் எல்லை 325 மெகாஹெர்ட்ஸ், அமைப்பை மாற்றாமல் 137க்கு இறங்காது. சிக்னலைப் பெற உங்கள் வழக்கமான ஆர்டிஎல்-எஸ்டிஆர் டோங்கிள். நடுவில் எஸ்எம்ஏ (சின்னத் திருகு கனெக்டர்) அட்டெனுவேட்டர்கள், அதாவது சிக்னலைக் குறைக்கும் துண்டுகள், 30 டெசிபெல் இரண்டு, 20 ஒன்று, 10 ஒன்று, 6 ஒன்று. 50 ஓம் டெர்மினேட்டர் (முனையை மூடும் தடை) ஒன்று, டிசி பிளாக் (நேர்மின்சாரத்தைத் தடுப்பது) ஒன்று, இரட்டைக் கவசம் உள்ள குட்டைக் கேபிள்கள். ஷாப்பி இணையக் கடையில் எல்லாம் கிடைக்கும். அளவு பார்க்க டைனிஎஸ்ஏ (கையடக்க ஸ்பெக்ட்ரம் அனலைசர்) இருந்தால் நல்லது, இதற்கு மட்டும் நண்பரிடம் இரவல் கேட்கத் தயங்காதீர்கள்.

டிசி பிளாக் எதற்கு என்றால், பயஸ்-டீ (கேபிள் வழியே எல்என்ஏவுக்கு மின்சாரம் அனுப்பும் வசதி) போட்டுவிட்டு மறந்துபோகிறவர்கள் நிறைய. டோங்கிளிலிருந்து 4.5 வோல்ட் கேபிள் வழியே எதிர்த்திசையில் போய் அட்டெனுவேட்டரைச் சூடாக்கும், அதைத் தாண்டிப் போனால் விலை கூடின கருவியில் போய் நிற்கும்.

எவ்வளவு அளவில் சிக்னல் விடுவது? இங்கேதான் ஆளுக்கொரு எண் சொல்வார்கள், கணக்குப் போட்டால் தெளிவாகிவிடும். மீட்டியோர் 820 கிலோமீட்டர் உயரத்தில், ஏறக்குறைய 5 வாட், அதாவது 37 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டைப் பூச்சியமாக வைத்த டெசிபெல் அளவு) அனுப்புகிறது. வெற்றுவெளி இழப்புக்கான சூத்திரம்: கிலோமீட்டரின் லாக் (பத்தடிமான மடக்கை) 20 மடங்கு, மெகாஹெர்ட்ஸின் லாக் 20 மடங்கு, இரண்டையும் கூட்டி அதோடு 32.45. நேர் மேலே இருக்கும்போது 133.5 டெசிபெல் இழப்பு. தொடுவானத்தில் தூரம் 3300 கிலோமீட்டரைத் தாண்டும், இழப்பு 145.7. ஆகவே ஆண்டெனா முனையில் உச்சியில் மைனஸ் 97 டிபிஎம், ஓரத்தில் மைனஸ் 109. ஆண்டெனாவின் ஏற்ற இறக்கத்தை இதில் சேர்க்கவில்லை, அது பின்னால்.

ஹேக்ஆர்எஃப் இந்த அலைவரிசையில் முழு அளவில் 5 முதல் 15 டிபிஎம் வரை கொடுக்கும். அதை ஆதாயத்தைக் குறைத்து மைனஸ் 10க்குக் கொண்டுவந்து டைனிஎஸ்ஏவில் சரிபாருங்கள். பிறகு 30, 30, 20, 6 என்று மாட்டினால் 86 போய் மைனஸ் 96. உச்சிக்கு இது போதும், ஓரத்துக்கான 12 டெசிபெல் இறக்கத்தை மென்பொருளில் செய்துகொள்ளலாம். எல்லாவற்றையும் மென்பொருளிலேயே குறைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். முடியாது. ஹேக்ஆர்எஃப் 8 பிட் கருவி, வீச்சை நூறில் ஒரு பங்காக்கினால் மிஞ்சுவது ஒன்று, பூச்சியம், மைனஸ் ஒன்று மட்டும், அதில் சிக்னல் எங்கே இருக்கும்? அதோடு, அட்டெனுவேட்டர் போட்டால் கருவியின் சொந்த இரைச்சலும் சேர்ந்து அடங்கும்.

முதலில் வெறும் டோன்

மீட்டியோர் சிக்னலுக்கு ஓடாதீர்கள். ஒரே ஒரு டோன், அதாவது ஒற்றை அலைவரிசையில் நிற்கும் வெறும் அலை, அனுப்புங்கள். அனுப்பும் கருவியின் மைய அலைவரிசையை 137.6இல் வைத்து, டோனை 300 கிலோஹெர்ட்ஸ் தள்ளி 137.9இல் விடுங்கள். நடுவில் கருவியின் லோக்கல் ஆசிலேட்டர் (உள் அலையுண்டாக்கி) கசிந்து ஒரு முள் நிற்கும், உங்கள் சிக்னல் அதன்மேல் உட்காரக் கூடாது.

இப்போது அட்டெனுவேட்டரை 10 டெசிபெல் கூட்டுங்கள். திரையில் டோன் 10 டெசிபெல் இறங்க வேண்டும். இறங்கினால் சரி. மேல் அளவுகளில் 10 கூட்டியும் 6, 7 தான் இறங்குகிறது என்றால் ரிசீவர் திணறுகிறது, ஆதாயத்தைக் குறையுங்கள். கீழ் அளவுகளில் எவ்வளவு கூட்டினாலும் டோன் அசையவே இல்லை என்றால் சிக்னல் கேபிள் வழியாக வரவில்லை, காற்று வழியாகவோ யூஎஸ்பி வழியாகவோ வருகிறது.

இந்தக் கசிவுதான் எல்லாருடைய அளவீட்டையும் கெடுக்கிற ஆள். மைனஸ் 10இல் புறப்பட்டு மைனஸ் 109இல் போய்ச் சேர வேண்டிய சிக்னல், நடுவே 99 டெசிபெல் தடுப்பு வேண்டும், மேசைமேல் அரையடி இடைவெளியில் இரண்டு கருவிகளையும் வைத்தால் அது எப்படிக் கிடைக்கும்? கண்டுபிடிக்கும் வழி எளிது. ரிசீவர் முனையில் கேபிளைக் கழற்றி, அங்கே 50 ஓம் டெர்மினேட்டரைத் திருகுங்கள், அனுப்பும் கருவி ஓடிக்கொண்டே இருக்கட்டும். டோன் மறைந்துவிட வேண்டும். மறையவில்லை என்றால், அது எவ்வளவு உயரத்தில் தெரிகிறதோ அந்த அளவுக்குக் கீழே நீங்கள் எடுக்கும் எந்த எண்ணும் செல்லாது.

தீர்வு பெரிய மைலோ டின், அல்லது பெருநாளுக்கு வாங்குகிற சதுர பிஸ்கட் டின். பக்கவாட்டில் துளை போட்டு எஸ்எம்ஏ கனெக்டரை உலோகத்தோடு நன்றாகப் பிடிக்கும்படி முடுக்குங்கள், பெயின்ட் இருந்தால் சுரண்டிவிட்டு. மூடியின் விளிம்பிலும் பெயின்ட் சுரண்டி அலுமினியத் தாள் வைத்து அழுத்தி மூடுங்கள். முதல் 30 டெசிபெல் அட்டெனுவேட்டர் டின்னுக்கு உள்ளேயே இருக்கட்டும், அப்போது வெளியே வரும் கேபிளில் ஓடுவதே சின்ன சிக்னலாகிவிடும். யூஎஸ்பி கேபிள் வெளியே வரும் இடத்தில் ஃபெரைட் வளையம் இரண்டு மூன்று. அனுப்ப ஒரு மடிக்கணினி, பெற இன்னொன்று, இரண்டும் பேட்டரியில், கேபிள் எட்டுகிற அளவுக்குத் தள்ளித் தள்ளி. ஒரே கணினியில் இரண்டையும் செருகி வைத்துக்கொண்டு கசிகிறதே என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

டோன் இருக்கும்போதே அலைவரிசைப் பிழையையும் குறித்துக்கொள்ளுங்கள். ஹேக்ஆர்எஃபின் படிகத்தின் பிழை 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு), 137.9இல் அது 2.8 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். நல்ல ஆர்டிஎல் டோங்கிள் 1 பிபிஎம், 140 ஹெர்ட்ஸ்கூட வராது. ஆகவே டோன் தள்ளித் தெரிந்தால் டோங்கிளைத் திருத்த ஓடாதீர்கள், தப்பு பெரும்பாலும் அனுப்புகிறவர் பக்கம்.

உண்மையான மாடுலேஷன்

பதிவு செய்த பாஸை அப்படியே ஹேக்ஆர்எஃபில் திருப்பி ஓட்டலாம், ஆரம்பத்துக்கு அது போதும். ஆனால் அதில் ஏற்கெனவே ஒருவருடைய இரைச்சலும் டாப்ளரும் (செயற்கைக்கோளின் வேகத்தால் அலைவரிசை நகர்வது) மங்கலும் (சிக்னல் ஏறி இறங்குவது) இருக்கின்றன, அவற்றைவிடச் சுத்தமாக அதை ஆக்க முடியாது. நல்ல வழி, சாட்டம்ப் பிரித்துக் கொடுக்கும் சட்டகக் கோப்பை (தரவுத் தொகுப்புகள் உள்ள கோப்பு) எடுத்து, சிக்னலை முதலிலிருந்து கட்டுவது: பிட்களைக் கலைக்கும் ரேண்டமைசர், வித்தியாசக் குறியீடு (என்ஆர்இசட்-எம்), பிழை திருத்த உதவும் கன்வலூஷனல் குறியீடு, வீதம் 1/2, நீளம் 7, பிறகு நொடிக்கு 72,000 சிம்பலில் ஓக்யூபிஎஸ்கே என்கிற மாடுலேஷன். கோப்பு எந்தப் படியில் எடுக்கப்பட்டது என்று பார்த்து, கழற்றப்பட்ட படிகளை மட்டும் திருப்பிப் போடுங்கள், ஏற்கெனவே இருப்பதை இரண்டாம் முறை போட்டால் ரிசீவர் சிக்னலை அழகாகப் பிடித்துக்கொள்ளும், சட்டகம் ஒன்றுகூட வராது. இந்த வேலைக்கு ஒரு வாரக் கடைசி போய்விடும், போகட்டும். அனுப்பிய ஒவ்வொரு பிட்டும் கையில் இருப்பதால், எத்தனை பிட் தப்பாக வந்தது என்று எண்ணவே முடியும்.

டாப்ளர் சேர்க்கும்போது: 137.9இல் தொடுவானத்தில் 3 கிலோஹெர்ட்ஸ் மேலே ஆரம்பித்து 3 கிலோஹெர்ட்ஸ் கீழே முடியும், நேர் உச்சியில் நொடிக்கு 27 ஹெர்ட்ஸ் வேகத்தில் சரியும். இதுவே 437 மெகாஹெர்ட்ஸில், பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் உயரத்தில் என்றால் நொடிக்கு 190 ஹெர்ட்ஸ் அளவுக்கு. செலஸ்ட்ராக் இணையதளத்தில் சுற்றுப்பாதைத் தரவை எடுத்து, ஸ்கைஃபீல்ட் என்கிற பைத்தான் நிரல் தொகுப்பில் பந்திங்கின் இடத்தைக் கொடுத்தால் தூரம், வேகம் இரண்டும் வந்துவிடும். ஒரு நொடிக்கு ஒரு மதிப்பு என்று எடுத்து அப்படியே படிப்படியாக மாற்றாதீர்கள். ஒவ்வொரு தாவலிலும் ரிசீவர் தடுமாறும், உண்மையான செயற்கைக்கோள் அப்படித் தாவுவதில்லை. இடைமதிப்புகளை நிரப்பி, அலைவரிசையைத் தொகுத்து கட்டமாக (அலையின் ஃபேஸ்) மாற்றுங்கள், கட்டம் எங்கும் அறுந்துபோகக் கூடாது.

அதே தூரத் தரவிலிருந்து 12 டெசிபெல் ஏற்ற இறக்கத்தையும் போட்டுவிடுங்கள். அதற்கு மேல் உங்கள் இடத்துக்கு ஏற்றபடி சேர்க்க வேண்டியதைச் சேர்க்கலாம். வீட்டுக்குப் பின்னால் முதிர்ந்த செம்பனை நிற்கிறது என்றால் அந்தத் திசையில் 15 பாகைக்குக் கீழே சிக்னலை நன்றாக இறக்குங்கள். நாம் காந்த நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால், சூரியன் மறைந்த பிறகு, குறிப்பாக மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டி, அயனமண்டலம் கலங்கி சிக்னல் சில நொடிகளுக்குள் ஏறி இறங்கும். அதற்கும் ஒரு வேகமான மங்கலைக் கலந்து பாருங்கள். மழைக்கு எதுவும் போட வேண்டாம், ஆஸ்ட்ரோ டிவித் தட்டைத்தான் மழை படுத்தும், 137க்கு மழை ஒரு பொருட்டே இல்லை.

பக்கத்துச் சிக்னலையும் சோதிக்காமல் விடாதீர்கள். டைனிஎஸ்ஏவை ஜெனரேட்டராக வைத்து 132 மெகாஹெர்ட்ஸில் ஒரு டோன், 6 டெசிபெல் ரெசிஸ்டிவ் காம்பைனர் (இரண்டு சிக்னலைச் சேர்க்கும் இணைப்பு) வழியாக மீட்டியோரோடு சேர்த்து உள்ளே விடுங்கள் (காம்பைனர் தின்னும் 6 டெசிபெல்லைக் கணக்கில் கழிக்க வேண்டும், கையில் இருக்கும் அந்த 6 அட்டெனுவேட்டரைக் கழற்றினால் சரியாகப் போகும்). மீட்டியோரின் எஸ்என்ஆர் (சிக்னல்-இரைச்சல் விகிதம்) 1 டெசிபெல் குறையும்வரை டோனை ஏற்றிக்கொண்டே போய் அந்த அளவைக் குறியுங்கள். பிறகு ஃபில்டர் உள்ள எல்என்ஏவை நடுவில் வைத்து அதையே செய்யுங்கள். 99.3இலும் ஒரு தடவை, ராகா வானொலி நிற்கிற இடம். எந்த எல்என்ஏ வாங்கலாம் என்று வாதம் செய்கிறவர்கள் இந்த இரண்டு எண்ணையும் போட்டுவிட்டு வாதம் செய்யலாம்.

எண்களை வைத்து என்ன செய்வது

2 டெசிபெல் படிகளில் அளவைக் குறைத்து, ஒவ்வொன்றிலும் எஸ்என்ஆர், விட்டர்பி பிழை, ரீட்-சாலமன் திருத்திய பைட் (இரண்டும் சாட்டம்ப்பின் பிழை திருத்தும் படிகள்), தேறிய சட்டகம் நான்கையும் எழுதுங்கள். இந்த வகைக் குறியீட்டில் சரிவு செங்குத்தாக இருக்கும், ஒன்றிரண்டு டெசிபெல்லுக்குள் எல்லாம் வந்ததும் எதுவும் வராததுமாக மாறிவிடும். கோட்பாட்டின்படி ஒரு பிட்டுக்கான சிக்னல்-இரைச்சல் விகிதம் ஏறக்குறைய 2.5 டெசிபெல் இருந்தாலே போதும். உங்களுக்கு 4 வேண்டியிருந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. 7 என்றால் எங்கோ தப்பு, முதலில் ஆதாய அமைப்பைப் பாருங்கள், பிறகு சிம்பல் லூப்பின் (மென்பொருளில் சிம்பல் நேரத்தைப் பின்தொடரும் பகுதி) அகலத்தை.

இதை மூன்று இடத்தில் செய்ய வேண்டும்: டோங்கிளில் நேராக, கூரையிலிருந்து வரும் நீளக் கேபிளோடு, எல்என்ஏவையும் சேர்த்து. எல்என்ஏ ஆண்டெனா முனையில் இருந்தால் கேபிள் இழப்பு சரிவுப் புள்ளியை அதிகம் நகர்த்தாது, கீழே டோங்கிள் பக்கத்தில் வைத்திருந்தால் இழப்பு அப்படியே முடிவில் தெரியும். ஆண்டெனாவை இந்த முறை தொடவே இல்லை, வலச்சுழல் துருவமாக்கமும் இதில் வராது, அதற்கு நானோவிஎன்ஏ என்கிற ஆண்டெனா அளக்கும் கருவியும் உண்மையான பாஸும்தான்.

கடைசியாக ஒரு நிஜ பாஸை எடுத்து, ஒவ்வொரு நிமிடத்தின் எஸ்என்ஆரையும் உங்கள் போலி பாஸின் வளைகோட்டோடு வைத்துப் பாருங்கள். 3 டெசிபெல் வித்தியாசம் என்றால் விட்டுவிடுங்கள், ஆண்டெனாவின் வடிவம் அது. ஒரு திசையில் மட்டும் பள்ளம் என்றால் செம்பனையோ தண்ணீர்த் தொட்டியோ. முழு பாஸும் 8, 10 கீழே கிடந்தால், மேசையில் ரிசீவரைச் சோதித்து முடித்துவிட்டதால் இனி சந்தேகம் கூரைமேல்தான்: கனெக்டரைச் சுற்றியிருக்கும் டேப்பைப் பிரித்துப் பாருங்கள், உள்ளே செம்புப் பின்னல் பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால் மழைத் தண்ணீர் இறங்கிவிட்டது. அந்த முனையை ஓர் அடி வெட்டி எறிந்துவிட்டுப் புதிய கனெக்டர் போட்டு, இந்தத் தடவை சுயமாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள்.